கச்சான் அடித்தால் வீட்டில் கால் தரிக்காது

சித்திரை வருடப்பிறப்புப் பலகாரம் தீர்ந்து, மே மாதம் பிறந்து, கச்சான் காற்று அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் புழுதியைக் கிளப்பத் தொடங்கினால் எனக்கும் என் மனைவிக்கும் வீட்டில் கால் தரிக்காது. சனியோ ஞாயிறோ போயாவோ, எந்த லீவாக இருந்தால் என்ன, விடியமுன் எழும்பி, போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, இவள் முதல் நாள் இரவே சம்பலோடு சுற்றிவைத்த ரொட்டிப் பார்சலைப் பையில் திணித்து, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினால் பொழுதுபட்டுத்தான் வீடு. கல்யாணம் முடித்து எங்களுக்கு இது முதல் கோடை. "நுவரெலியா போகேல்லையோ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நுவரெலியாவோ! சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நாலைந்து மாதம் திருகோணமலையை விட்டு ஒரு அடி வெளியே வைக்க எனக்கு மனம் வராது.

ஏன் என்று கேளுங்கோ. கொழும்பிலும் காலியிலும் இந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொட்டி, கடலைப் புரட்டி எடுக்கும். அதே காற்று மலைநாட்டில் தன் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு, காய்ந்து, சூடேறி எங்கள் பக்கம் கச்சானாக இறங்குகிறது. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று, ஆகவே எங்கள் கரையில் அலை எழும்பாது. கடல் அப்படியே படுத்துவிடும். காலை ஆறு மணிக்கு உப்புவெளிக் கரையில் நின்று பாருங்கோ, கணுக்காலை வந்து தொடுகிற தண்ணீருக்குச் சத்தமே இருக்காது. இவள் வவுனியாக்காரி, குளக்கட்டில் நடந்து வளர்ந்தவள். முதல் நாள் கடலைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்கோ, இது எங்கட குளத்தை விட அமைதியா எல்லோ கிடக்கு!" என்றாள். அன்றைக்குத் தொடங்கியது இந்தப் பைத்தியம். எனக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கன்னியா. எங்களுக்கு அது எட்டிப் பிடிக்கிற தூரம். அனுராதபுர வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் ஏழு சின்னஞ்சிறு சதுரக் கிணறுகள், ஒன்றுக்கொன்று பக்கத்தில், அடி வரைக்கும் தெளிந்த தண்ணீர். ஏழிலும் ஏழு சூடு. ஒன்று வெதுவெதுப்பு, அடுத்தது கொஞ்சம் சுள்ளென்று, இன்னொன்றில் முதல் வாளியைத் தலையில் ஊற்றும்போது மூச்சு ஒரு கணம் அப்படியே நிற்கும். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் பூமியின் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, திரும்ப மேலே வருகிறது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் ஏழு இடத்தில் குத்தி எடுத்த தண்ணீர் என்று அம்மம்மா சொன்ன கதையும் எனக்கு வேண்டும், இந்தப் பாறைக் கதையும் வேண்டும், இரண்டையும் இவளிடம் ஒரே மூச்சில் சொன்னேன். இவள் கேட்டால்தானே! எந்தக் கிணறு கூடச் சூடு என்று கண்டுபிடிக்கிற அவசரத்தில் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஆறரை மணிக்குள் போய்விடுங்கோ, பிறகு சனம் கூடிவிடும். வெந்நீரில் குளித்த ஈரத்தோடு வெளியே வரும்போது கச்சான் காற்று உடம்பில் படும் பாருங்கோ, அந்தச் சூட்டுக் காற்றே அப்போது குளிராக இருக்கும்.

சரி, இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். புறாத்தீவு! நிலாவெளிக் கரையில் நின்றால் கண்ணெதிரே, ஒரு கிலோமீற்றர் தள்ளி, பாறையும் பற்றையுமாகத் தெரிகிற தீவு. மாடப்புறாக்கள் கூடு வைக்கிற இடம், அதனால் அந்தப் பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் அங்கே போனதில்லை, வெளிநாட்டுக்காரர் போகிற இடம் என்று விட்டுவிடுகிறார்கள். ஐயோ, விடாதேங்கோ! ரிக்கற் எடுத்து, வள்ளம் ஏறி, பாதுகாப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் உள்ளே வைத்துப் பாருங்கோ. அவ்வளவுதான் செய்ய வேண்டியது. இவளுக்கு நீந்தத் தெரியாது. என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் முகத்தை வைத்தாள். அடுத்த நொடி குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம், "ஊஊஊ" என்று, தண்ணீருக்குள் எனக்கே கேட்டது. நானும் குனிந்தேன். பவளம், மான்கொம்புக் கிளைகளாகவும் மேசைத் தட்டுகளாகவும் அடுக்கடுக்காக, அதற்கு மேலே வெயில் வலை வலையாக ஆடுகிறது, பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த கிளிமீன் ஒன்று பாறையைக் கறுக்கு முறுக்கென்று கடிக்கிறது, அந்தச் சத்தம் காதில் விழுகிறது, நம்புங்கோ, மீன் கடிக்கிற சத்தம்! மஞ்சள் கோடு போட்ட கூட்டம் ஒன்று என் நெஞ்சுக்கு முன்னால் வந்து, இரண்டாகப் பிரிந்து, என்னைச் சுற்றிப்போய் முதுகுப் பக்கம் ஒன்று சேர்கிறது. அப்போதுதான் தீவின் மறுபக்க ஆழமற்ற தண்ணீரில் வள்ளக்காரர் கையைக் காட்டினார். சுறா! சின்னச் சுறாக்கள்தான், செட்டை நுனியில் கறுப்பு மை தொட்டு வைத்த சாதி, மனிதரைக் கண்டால் அதுகள்தான் விலகிப்போகும். ஆனாலும் சுறா சுறாதானே. என் நெஞ்சு அடித்த அடி! இவளோ பயத்தை எல்லாம் எங்கே கழற்றி வைத்தாளோ, என்னை இழுத்துக்கொண்டு அதற்குப் பின்னாலேயே போகிறாள், நான் "நில்லும், நில்லும்" என்று கத்துகிறேன், குழாய்க்குள் அதுவும் "ஊஊஊ"தான், அந்த நேரம் பார்த்து எங்கள் இருவருக்கும் கீழே, கை நீட்டினால் தொடுகிற ஆழத்தில், ஒரு ஆமை துடுப்பை மெல்ல அசைத்து, எங்களைத் திரும்பிக்கூடப் பாராமல், தன் பாட்டுக்குப் போனது. நாங்கள் மிதந்தபடியே கையைக் கோத்துக்கொண்டு கிடந்தோம். முதுகு வெயிலில் வெந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை.

லீவு நாட்களில் சனம் கூட, சிலபேர் பவளத்தின் மேலேயே காலை வைத்து நிற்கிறார்கள், பார்க்க நெஞ்சு பதறும். உயிருள்ள சாமான் அது, மிதித்தால் செத்துவிடும். மிதந்துகொண்டே பாருங்கோ. இதைத் தவிர அந்தத் தீவைப் பற்றி ஒரு குறை சொல்ல என் வாய் வராது.

கரைக்கு வந்தால் பசி. அப்பப்பா, என்ன பசி! நிலாவெளியில் கணவாய்ப் பிரட்டலும் சோறும் வாங்கி, ஒரு பனை நிழலில் ஈர உடுப்போடு இருந்து, ஒரு பார்சலை இரண்டு பேரும் அள்ளி அள்ளித் தின்று, காணாமல் இன்னொன்று வாங்கினோம்.

அதே கடலில் திமிங்கிலம் இருக்கிறது என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படுவது வேறு. திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலிலிருந்தே கடலுக்கு அடியில் பெரியதொரு பள்ளத்தாக்கு தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது. அந்த ஆழம் கரைக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால்தான் உலகத்திலேயே பெரிய உயிர் எங்கள் வாசலுக்கு வருகிறது. 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இங்கே திமிங்கிலங்களைத் தேடிப் பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பிறகு யுத்தம், நீண்ட காலம் யாரும் போக முடியவில்லை. இப்போது பாருங்கோ, விடிய ஐந்தரைக்கு உப்புவெளியில் வள்ளம் ஏறலாம்.

கோணேசர் மலை பின்னால் சின்னதாகிக்கொண்டு போக, சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து சிவப்பாக எழும்ப, இவள் துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டு கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போனது, இன்னும் கொஞ்சம் போனது, ஒன்றையும் காணோம், டொல்பின் கூட்டம் ஒன்று துள்ளிக்கொண்டு போனதே எனக்குப் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்ட நேரம் வள்ளக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். கடலில் அப்படி ஒரு அமைதி. "தம்பி, அங்க." திரும்புவதற்குள் சத்தம் வந்துவிட்டது. "ப்ஃபூஊஊ" என்று ஒரு பெருமூச்சு, கடலே மூச்சு விட்டதோ என்று நினைத்தேன், பனை உயரத்துக்கு வெள்ளைப் புகையாகத் தண்ணீர் எழுந்து வெயிலில் நின்றது, அதற்குக் கீழே சாம்பல் நீலத்தில் முதுகு வெளியே வந்தது, வந்துகொண்டே இருந்தது, ரயில் கடவையில் நின்று கொழும்பு ரயிலுக்கு வழிவிட்டவனைப்போல நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அது முடியவே முடியாது போல இருக்கிறது, கடைசியில்தான் அந்தச் சின்னஞ்சிறு முதுகுச் செட்டை, இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்னச் செட்டையா! நீலத்திமிங்கிலம்! கிட்டத்தட்ட முப்பது மீற்றர் வரைக்கும் வளர்கிற உயிர், அதன் பக்கத்தில் எங்கள் வள்ளம் ஒரு சிரட்டை அளவு! நான் எழும்பி நின்று கத்துகிறேன், வள்ளக்காரர் "இருங்கோ தம்பி, இருங்கோ" என்கிறார், இவள் என் சேட்டைப் பிடித்து இழுக்கிறாள், இழுத்துக்கொண்டே தானும் கத்துகிறாள், மூன்று முறை மூச்சு விட்டது, நாலாவதற்கு முதுகை வளைத்தது, அப்போது, அப்போதுதான் அந்த வால், தண்ணீர் அருவியாக வடிய வடிய, கடலுக்கு மேலே உயர்ந்து, ஒரு கணம் அப்படியே நின்று, சத்தமே இல்லாமல் இறங்கியது. அது போன இடத்தில் தண்ணீர் கண்ணாடியாக வழுவழுவென்று வட்டமாகக் கிடந்தது. நான் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லை, அழுதேன், இவளும் அழுதாள். கரை கண்ணுக்குத் தெரிந்து கைத்தொலைபேசிக்கு சிக்னல் வந்த உடனே அம்மாவுக்கு எடுத்து, "அம்மா, திமிங்கிலம்! நாங்கள் பார்த்திட்டம்!" என்று கத்தினேன். "சரி ராசா, அவளுக்குத் தொப்பி குடுத்தனியோ?" என்றார் அம்மா.

பின்னேரங்களுக்கு எங்களுக்குக் கோணேசர் கோயில். பிரட்றிக் கோட்டை வாசலில் மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டிப் போனால், வாசல் கல்லில் செதுக்கிய இரட்டை மீன்களை இவள் ஒவ்வொரு தடவையும் நின்று தொட்டுத்தான் வருவாள். பாண்டியர் சின்னம் அது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். உள்ளே ஆலமர நிழலில் புள்ளிமான்கள், பயமே இல்லாமல் கிட்ட வந்து இவள் கைப்பையை முகரும். மேலே ஏறினால் கடல் மூன்று பக்கமும் விரிகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம், இடிபட்டுக் கிடந்து, 1963இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடியில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இராவணன் வெட்டுக்கு மேலே நின்று கீழே பார்த்தால் அந்தத் தண்ணீர் கருநீலம். உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒரு தூண் என் கண்ணில் பட்டுவிடாதா என்று. பக்கத்தில் பிள்ளை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில் கட்டுகிற மரம். இவள் அதை ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் பார்க்க, நான் பார்ப்பதை இவள் பார்க்க, இருவரும் கடலைப் பார்த்தோம். ஒல்லாந்தர் காலத்தில் காதலன் கப்பலேறிப் போனதால் பிரான்சினா என்ற பெண் இந்த மலையிலிருந்து குதித்ததாக ஒரு கதை உண்டு. பிறகு அவள் வேறு கல்யாணம் முடித்ததாகப் பதிவு இருக்கிறதாம். அதைச் சொன்னதும் இவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அந்த நேரம் மாலைப் பூசை மணி. அந்த மணியும் அடியில் மோதுகிற கடலும் சேர்ந்து கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். இறங்கி வந்து டச்சுக்குடாக் கரையில் மாங்காய் அச்சாறு, உறைப்பில் கண்ணீர் வர, ஒரு ஐஸ்கிரீம்.

கிண்ணியாப் பாலத்தை மறந்துவிடுவேனோ! 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம். அதற்கு முன்னர் பாதைப் படகு ஏறித்தான் அக்கரைக்குப் போகலாம், மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததை அப்பா இன்னும் சொல்வார். காலையில் சீனன்குடாவில் விமானப்படை பராமரிக்கிற மாபிள் பீச்சில் நெஞ்சளவு தண்ணீரில் ஊறி, பிறகு நேரே பாலம். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் கடலேரி, நடுவில் நாங்கள், காற்று இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளுகிறது, இவள் பின்னாலிருந்து பாடத் தொடங்கிவிடுவாள், நானும் சுதி இல்லாமல் சேர்ந்துகொள்வேன். அக்கரையில் இறங்கி எருமைத் தயிர், மண் சட்டியோடு, மேலே பாணி ஊற்றி. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர்! நாங்கள் அதைக் கவிழ்த்தும் பார்த்தோம்.

செப்டெம்பர் போனால் வாடைக்காற்றும் மாரியும் வந்துவிடும், கடல் எழும்பிவிடும், வள்ளங்கள் கரையேறிவிடும். அதற்கிடையில் வாங்கோ. கல்யாணம் முடித்தவர்கள் முடியாதவர்கள் எல்லாரும் வாங்கோ. எங்களுக்கு வாற போயாவுக்குத் திரியாய். இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்து, குச்சவெளியில் கடற்கரைப் பாறையில் கொஞ்சம் இருந்து, வழியில் பாலைப்பழம் விற்றால் ஒரு பை வாங்கி வாயெல்லாம் பிசின் ஒட்டத் தின்றுகொண்டு, மலையில் உள்ள பழைய விகாரையின் கல்தூண்களைப் பார்க்கிற திட்டம். மூதூர், வெருகல் எல்லாம் இன்னும் மிச்சம். இவள் உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள், "இஞ்சேருங்கோ, ரயருக்குக் காத்து அடிச்சாச்சோ?" இன்னும் இல்லை. கடை பூட்டமுன் ஓட வேண்டும்.