பாகன் பாட்டும் குகைப் பாட்டும்

‘குணா’ படத்தின் கடிதப் பாட்டை அறியாத தமிழ் வீடு நம் பூனாவில் இருக்காது. வாலி எழுதி, இளையராஜா இசையில் கமலும் ஜானகியும் பாடியது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் அதை எடுத்தாண்ட பிறகு தமிழே தெரியாத பிள்ளைகளும் முணுமுணுக்கிறார்கள். அங்கே அது குழியில் விழுந்த தோழனை மீட்கும் நட்புப் பாட்டு. மூலத்தில் என்ன? கடத்தி வரப்பட்ட பெண்ணொருத்தி, கடத்தியவன் சொல்லச் சொல்ல, தனக்கே எழுதிக்கொள்ளும் காதல் கடிதம்! கோர்படியில் என் கடைக்கு வரும் பையன்களிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் பார்த்தா படமே பார்க்க முடியாது அங்கிள்” என்கிறார்கள்.

1991 தீபாவளிக்கு வந்த படம், சந்தானபாரதி இயக்கியது. மனநிலை பிறழ்ந்த குணா, கோயிலில் கண்ட பெண்ணை அபிராமி என்றே நம்பித் தூக்கிப் போய்க் கொடைக்கானல் குகையில் வைக்கிறான். அவள் பெயர் ரோகிணி. பெயரைக்கூட அவளிடம் விட்டுவைக்கவில்லை, கவனியுங்கள்.

பார்ப்பவர்கள் இரண்டு சமாதானம் சொல்கிறார்கள். கடைசியில் அவளே விரும்பினாளே என்பது ஒன்று. நான் வியாபாரி. கேட்காமல் எடுத்துப் போன சரக்குக்கு ஆறு மாசம் கழித்து ரசீது போட்டால், எடுத்த அன்றைக்கு அது களவு இல்லை என்று ஆகிவிடுமா? கொடாததைக் கொள்ளாமை எங்கள் சமண விரதம் ஐந்தில் ஒன்று.

மற்றது, “அவன் மனசு சுத்தம்” என்பது. இதை அப்படித் தள்ளிவிட முடியாது. யசோதர காவியத்தில் மன்னன் பலியிட்டது மாவால் செய்த கோழியைத்தான்; கொல்லும் எண்ணம் இருந்ததால் பிறவி பிறவியாக வினை தொடர்ந்தது. எண்ணமே வினையென்றால் குணா நல்லவன்தானே? ஆனால் ரோகிணி மாவுக் கோழி இல்லையே! அவள் பட்ட பயம் நிஜம்.

அதே காவியத்தில் இன்னொரு இடம்தான் நமக்கு உரியது. அரசி அமிர்தமதி இரவில் யானைப்பாகன் பாடுவதைக் கேட்கிறாள். ஆளைப் பார்க்குமுன்பே மனம் போய்விடுகிறது. தோழி போய்ப் பார்த்து வந்து, அவன் அருவருக்கத்தக்க உருவம் என்கிறாள்; அரசிக்கு அது காதிலேயே ஏறவில்லை. பாட்டு முதலில் வந்துவிட்டால் பிறகு கண் சொல்வது எடுபடாது. இளையராஜாவைக் கேட்ட நாமும் அமிர்தமதிதான். இந்தக் கதையைக் கன்னடத்தில் ஜன்னன் பாடினார். கிரீஷ் கர்னாட் நாடகமாக்கினார். மூவருமே பாகன் பாட்டோடு நிறுத்தவில்லை, அதன் பின்விளைவு வரை போனார்கள்.

இந்தியிலும் இதே சங்கதிதான். 1993-இல் வந்த ‘டர்’ படம் துரத்துகிறவனை வில்லனாகவே காட்டியது. ஜனங்கள் மனசு ஷாருக் கான் பக்கம்தான் போனது, பாவம் சன்னி தியோல்!

‘குணா’வை நான் பழிக்கவில்லை. ரோகிணியின் வெறுப்பும் திகிலும் படத்தில் தெளிவாகவே இருக்கின்றன; எடுத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. வீட்டில் சிடி போட்டால் நாம்தான் அதையெல்லாம் வேகமாக ஓட்டிவிட்டுப் பாட்டுக்கு வந்து நிற்கிறோம்.