கொழுந்து பறிக்கும் கண்ணோடு ஒரு போஸ்டரைப் பார்ப்பது எப்படி?

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை விற்பனை நிலையங்களில் பழைய ‘சிலோன் டீ’ விளம்பரப் படங்களின் மறுபதிப்புகள் சட்டம் போட்டுத் தொங்கும். சேலை கட்டிய பெண், முதுகில் கூடை, பின்னால் மடிப்பு மடிப்பாகப் பச்சை மலை. சுற்றுலாப் பயணிகள் அவற்றை ஆசையாக வாங்கிச் செல்கிறார்கள். ராகலை, கந்தப்பளைப் பக்கமிருந்து டவுனுக்கு வருகிறவர்கள் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தம் பாட்டில் நடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படங்களை ஆழமாக ரசிக்கும் தகுதி இவர்களுக்குத்தான் கூடுதலாக இருக்கிறது. படத்தின் அசல் இவர்கள் வீட்டு வாசலில் நடக்கிற வேலை.

விளம்பரமும் சித்திரக்கதையும் பார்த்ததும் கடந்துபோகப்படுவதற்காக வரையப்பட்டவை. அவற்றை நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன். 1961இல் அவர் தீட்டிய ‘பந்தேந்திய பெண்’ ஓவியத்துக்கு மூலம், பென்சில்வேனியாவின் பொகோனோ மலையிலுள்ள ஒரு விடுதி பத்திரிகையில் போட்ட விளம்பரம். அதுவும் ஒரு மலைநாட்டு விளம்பரம்தான். விடுதியின் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு, பெண்ணை மட்டும் ஐந்தடி உயரத்துக்குப் பெருப்பித்தார். கூந்தலின் அலைகள் தடித்த கோடுகளாயின. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என்று நிறங்களைச் சுருக்கினார். விற்க ஒன்றுமில்லாமல் போனதும், விளம்பரம் நம்மை எப்படி மயக்குகிறது என்பது மட்டும் அந்தப் படத்தில் எஞ்சியது.

இரண்டு வருடம் கழித்து வந்த ‘மூழ்கும் பெண்’ இன்னும் நல்ல பாடம். டோனி அப்ரூஸோ வரைந்த காதல் சித்திரக்கதை ஒன்றில், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பின்னால் காதலன் தெரிவான். லிக்டன்ஸ்டைன் அவனை வெட்டி எறிந்தார், படகையும் விடவில்லை. அலையும் அழுகையுமாக அவள் முகம் மட்டும் மிஞ்சியது. மூலத்தை வரைந்தவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற குறை அவர்மேல் இன்றுவரை இருக்கிறது. நியாயமான குறைதான். ஆனாலும் மூலத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது, எது பெருத்தது என்று தேடுவதுதான் இந்த வகை ஓவியத்தை ரசிப்பதற்கான முதல் படி.

கிட்டப் போய்ப் பாருங்கள்

தேயிலை வணிகர் லிப்டன் காலத்து வண்ண விளம்பரங்கள் பல கல்லச்சில் உருவானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கன்னத்தின் மினுமினுப்பையும் மலையின் நிழலையும் கைவினைஞர் பொட்டுப் பொட்டாகக் குத்தி எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்தால் அந்தப் பொட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இன்றைய மறுபதிப்பில் அவற்றின்மேல் இயந்திரத்தின் ஒரே சீரான புள்ளி வலையும் தெரியும். கைபேசிக் கெமராவைப் பெருப்பித்துப் பார்த்தாலும் போதும், கடையில் தொங்குவது பழசா புதுசா என்று பிடிபட்டுவிடும்.

புள்ளிகளை வரிசையாக அச்சிடும் முறையை 1879இல் கொண்டுவந்தவர் பெஞ்சமின் டே. சித்திரக்கதைகளின் மலிவுத் தாளில் தோல் நிறம் என்று நாம் நம்பியது வெள்ளையில் விழுந்த சிவப்புப் புள்ளிகளைத்தான். லிக்டன்ஸ்டைன் அந்தப் புள்ளிகளைத் துளைத் தகடு வைத்துக் கையாலேயே தீட்டினார்: இயந்திரம் நொடியில் செய்ததை, மனிதக் கை மெனக்கெட்டுச் செய்தது.

கோட்டைக் கவனியுங்கள்

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அதன் மூலச் சித்திரங்களை வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. கதையை மறந்து ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், பயம் எல்லாம் கறுப்பு மையிலேயே இருப்பது தெரியும். முகத்தில் பாதி இருட்டு, கோட்டின் மடிப்பில் நாலு கீறல், அவ்வளவுதான். அந்தக் கண்ணோடு தேயிலைப் போஸ்டருக்கு வந்தால் அங்கே நேர்மாறு. கோடு வழவழப்பு, இருட்டே இல்லை. மலையில் எப்போதும் காலை எட்டு மணி வெயில்.

விடுபட்டதைத் தேடுங்கள்

இங்கேதான் ராகலைக் கண் வேலை செய்யும். படத்துப் பெண்ணின் சேலை சுத்தம். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணி இல்லை. காலில் அட்டை ஏறிய தடமில்லை, விரலில் சாயக் கறையில்லை. பெரும்பாலும் ஒரு கையால் ஒரு தளிரைப் பூக்கொய்வதுபோல் பிடித்திருப்பாள். மலையில் அப்படி நின்றால் கங்காணி சும்மா விடுவாரா? இரண்டு கையும் ஓட வேண்டும், கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் விழ வேண்டும். கூடையின் பாரம் தலையில் போட்ட கயிற்றில் தொங்க, கழுத்து முன்னால் சாய்ந்திருக்கும். படத்திலோ கழுத்து நிமிர்ந்து, கூடை காற்றைப்போல் கனமற்றுக் கிடக்கிறது. நிறுவையும் லயமும் சட்டத்துக்கு வெளியே.

லிக்டன்ஸ்டைனும் வெட்டினார், விளம்பரக்காரரும் வெட்டினார். அவர் வெட்டியது விளம்பரத்தின் வித்தையை நாம் காணட்டும் என்பதற்காக. இவர் வெட்டியது நாம் காணாமல் இருப்பதற்காக.

யார் குடிக்கிறார்கள்?

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு என்பது அவருடைய பிரபலமான வாசகம். இடைத்தரகர் இல்லை என்று சொல்ல வந்த அந்த வாசகத்தில், இடையிலே இருந்த தொழிலாளியும் காணாமல் போகிறார். பெண் படத்தில் இருக்கிறாள், ஆனால் கொழுந்தோ கோப்பையோ அடுத்தவருக்காகத்தான் நீட்டப்படுகிறது.

இதற்குப் பக்கத்தில் கல்கத்தா ஓவியர் அன்னதா முன்ஷி 1947இல் தேயிலைப் பிரசாரத்துக்காக வரைந்த போஸ்டரை வைத்துப் பார்க்கலாம். இராட்டையோடு ஒரு பெண், கையில் தேநீர். தேயிலை நூறு வீதம் சுதேசி என்கிறது வாசகம். வெள்ளைத் துரைமாரின் தோட்டத்துச் சரக்கைக் காந்தியின் இராட்டையோடு சேர்த்துவைத்த துணிச்சலை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் கோப்பை அவளுடையது. அந்த ஒரு மாற்றத்தில் படத்தின் அரசியலே புரண்டுவிடுகிறது.

எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள்

மெக்டொனால்ட் கில் 1940இல் சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபைக்காக ஒரு உலக வரைபடம் வரைந்தார். உலகத்துக்கே தேநீர் புத்துணர்ச்சி தருகிறது என்பது அதன் தலைப்பு. நாடுகளுக்குள்ளும் கடல்களிலும் குட்டிச் சித்திரங்கள், பொடி எழுத்தில் சேதிகள். ஒரு மூலையிலிருந்து சித்திரக்கதைப் பக்கம்போல் விரலை வைத்து வாசித்துக்கொண்டே போகலாம். போர்க்காலத்தில் வந்த படம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதிலுள்ள உற்சாகமே கொஞ்சம் வேறு மாதிரித் தொனிக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மலையகத்தின் இன்றைய ஓவியர்களிடம் வந்தால் ரசனைக்கு இன்னொரு கதவு திறக்கிறது. தோட்டத் தொழிலாளர் வாழ்வையே தம் படைப்புக்குப் பொருளாக்கிய ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்களின் வேலைகளில், போஸ்டர் எதை வெட்டியதோ அதைத் தேட வேண்டும். பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். பழைய விளம்பரம் ஒன்றைப் பிரதி எடுத்துக் கொடுத்து, அம்மாவையோ அம்மாச்சியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தி வரைந்து வரச் சொன்னால் போதும். எந்தப் பிள்ளை படங்கிலிருந்து தொடங்குகிறது, எது கழுத்தின் சாய்விலிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பதில் ஆசிரியருக்கும் ஒரு பாடம் இருக்கும்.