முகாம் முடிந்த மறுநாள்

தடுப்பூசி எட்டாத குழந்தை என்றதும் நம் மனத்தில் தோன்றுவது சாலை போகாத மலைக்கிராமம், செங்கல் சூளை, ஆற்றுத் தீவு. புதுச்சேரி நகரத்தில் அப்படி ஒரு குழந்தை இருக்க வழியில்லை என்றே எவரும் நினைப்பார்கள். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பேட்டையிலிருந்தும் ஆட்டோவில் போகும் தூரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிறந்த பிள்ளைக்கு பி.சி.ஜி., ஹெபடைடிஸ்-பி, போலியோ சொட்டு மருந்து மூன்றும் மருத்துவமனையிலேயே கிடைத்துவிடுகின்றன.

ஆனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. 2015–16 கணக்கெடுப்பில் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 91 விழுக்காட்டினர் முழுத் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். நாட்டிலேயே முன்வரிசை இடம் அது. 2019–21இல் அது சுமார் 82க்கு இறங்கியது. அதே இடைவெளியில் இந்தியாவின் சராசரி 62இலிருந்து 76க்கு ஏறியது. சுற்றிலும் உள்ள தமிழ்நாடு 70லிருந்து 89க்குப் போனது. புதுச்சேரியில் எடுக்கப்படும் மாதிரி சிறியது, இரண்டாம் கணக்கெடுப்பு கொரோனாக் காலத்தில் நடந்தது என்ற இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு புள்ளியையும் பிடித்துக்கொண்டு வாதாட முடியாது. என்றாலும் அண்டை மாநிலம் ஏறிய காலத்தில் நாம் இறங்கியிருக்கிறோம் என்பதை மாதிரியின் மேல் பழி போட்டுக் கடந்துவிடக் கூடாது.

இந்தப் பின்னணியில்தான் ‘மிஷன் இந்திரதனுஷ்’ என்ற தேசிய இயக்கத்தை எடைபோட வேண்டியிருக்கிறது. 2014 டிசம்பர் 25 அன்று நடுவண் சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா தொடங்கிவைத்த திட்டம் இது. முதற்கட்டம் 2015 ஏப்ரலில், மிகவும் பின்தங்கிய 201 மாவட்டங்களில் நடந்தது. மாதத்தின் ஏழாம் தேதி தொடங்கி ஏழு நாள் முகாம், அப்படித் தொடர்ந்து நான்கு மாதம். தடுப்பூசியே போடாத, பாதியில் விட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தேடிப் பிடிப்பதே குறிக்கோள். 2017 அக்டோபரில் ‘தீவிர’ வடிவம் வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று சுற்றுகளாக நடந்த ஐந்தாம் தீவிர இயக்கம் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் போனது. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளையும் உள்ளே கொண்டுவந்தது.

இந்த இயக்கத்தின் பெரும்பலம் ஊசியில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. 1985இல் தொடங்கிய அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்ற எதிர்பார்ப்பின் மேல் நின்றது. வந்தால் ஊசி உண்டு. வராதவளைத் தேடிப் போவதற்கு அதே அழுத்தம் இல்லை. இந்திரதனுஷ் அந்தப் பொறுப்பைத் திருப்பிப் போட்டது. வீடுவீடாகத் தலையெண்ணி, யார் பெயர் விடுபட்டது என்று எழுதி, அந்தப் பெயரைத் தேடிப் போவது அரசின் வேலை என்றது. செவிலியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் இடம், கட்டட வேலை நடக்கும் இடம், நாடோடிகள் தங்கும் திடல், மீனவர் குப்பம் என்று எங்கெல்லாம் போக வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் குறித்தது. ஏழைத் தாயின் கவனக்குறைவு என்று அதுவரை எழுதப்பட்டது, அரசின் விடுபாடு என்று எழுதப்படத் தொடங்கியது. நம் பொதுச் சுகாதாரச் சிந்தனையில் இது சிறிய மாற்றமல்ல.

பலனும் கிடைத்தது. 2017–18இன் தீவிர இயக்கம் நடந்த 190 மாவட்டங்களிலும் நகரங்களிலும் முழுத் தடுப்பூசி பெற்றோர் 50.5 விழுக்காட்டிலிருந்து 69க்கு உயர்ந்ததாக பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்த கட்டுரை பதிவு செய்தது. ஆனால் அதே இயக்கத்தை அரசின் வழக்கமான சுகாதாரப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்த இன்னொரு குழு 2021இல் வெளியிட்ட முடிவு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. இயக்கம் நடந்த மாதங்களில் போடப்பட்ட தடுப்பூசிகள் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடின. முடிந்தபின் அந்த உயர்வு நிலைக்கவில்லை. முகாம் இருந்தவரை ஏறியது, முகாம் கலைந்ததும் கரைந்தது. பந்தலைப் பிரித்த மறுநாள் அந்தத் தெருவில் என்ன மிஞ்சுகிறது என்பதே இந்த இயக்கத்தின் முன் வைக்க வேண்டிய கேள்வி. புதுச்சேரிக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஏனென்றால் இங்கே விடுபடும் குழந்தை எட்டாத தூரத்தில் இல்லை. அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

நம் வீடுகளில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். பிரசவம் அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறோம். தடுப்பூசி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட வேண்டும். பதினான்காவது வாரம் என்பது மூட்டைமுடிச்சு கட்டும் நேரம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி வரும்போது பிள்ளை வேறோர் ஊரில், வேறொரு சுகாதார நிலையத்தின் எல்லையில் இருக்கிறது. அங்கே உள்ள நர்சம்மாவின் பதிவேட்டில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. இங்கே உள்ளவர் பதிவேட்டில் அது ‘ஊருக்குப் போய்விட்டது’. இருவரும் தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். பிள்ளைக்கு ஊசி மட்டும் விட்டுப்போயிருக்கும்.

தமிழ்நாடு முழுவதும் இருக்கும் சிக்கல்தானே இது என்று கேட்கலாம். ஆம். ஆனால் புதுச்சேரியில் அது ஊர் மாறுவது மட்டுமல்ல, அரசே மாறுவது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற எல்லைக்கோடு நேர்கோடாக இல்லை. ஒரு கிராமம் புதுச்சேரி, அடுத்தது தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி என்று பின்னிக் கிடக்கிறது. விழுப்புரம், கடலூர் மாவட்டப் பெண்கள் ஏராளமானோர் பிரசவத்துக்கு இங்கே வருகிறார்கள். ஜிப்மர் நடுவண் அரசுடையது, மகளிர் மருத்துவமனை புதுச்சேரி அரசுடையது, அவர்கள் திரும்பிப் போகும் ஊரின் சுகாதார நிலையம் தமிழ்நாடு அரசுடையது. பிறந்தவுடன் போடும் ஊசி ஓர் அரசின் கணக்கில் ஏறுகிறது, பின்னால் வருபவை இன்னோர் அரசின் கணக்கில் ஏற வேண்டும். இங்கே பிறக்கும் பிள்ளைகள் எல்லாரும் இங்கேயே வாழ்பவர்கள் அல்லர் என்பதால், போட்ட ஊசிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதுச்சேரி எப்போதும் நன்றாகவே தெரியும். அந்தப் பளபளப்புக்குள் லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ இருக்கும் ஒரு பிள்ளையின் வெற்றுக் கட்டம் தெரியாமல் போகும்.

ஏழு நாள் முகாம் இதைத் தீர்க்காது. முகாம் வரும் வாரத்தில் பிள்ளை பாட்டி வீட்டில் இருந்தால் என்ன செய்வது? தேவை, எல்லையின் இருபுறமும் ஒரே பெயரைப் பார்க்கும் ஒரே பதிவு. 2023இல் சோதனையாகத் தொடங்கிப் பிறகு நாடெங்கும் விரிந்த யு-வின் இணையப் பதிவு அதற்காகவே வந்தது. எந்த ஊரிலும் அடுத்த தவணையைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் கருத்து. கொள்கையளவில் புதுச்சேரி அளவுக்கு இதனால் பயன்பெறக்கூடிய ஊர் வேறில்லை. ஆனால் இடம்பெயர்ந்த பிள்ளையின் பெயர் திரையில் தெரிவதோடு நின்றுவிட்டால் போதாது. அந்தப் பெயரைப் பார்த்து, கைபேசியில் அழைத்து, ‘வந்துட்டீங்களா, இன்னும் ஊசி போடலியே’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார், எந்த அரசின் ஊழியர் என்பதை இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதுதான் அடுத்த வேலை.

இரண்டாவது குறை எண்ணும் முறையில் இருக்கிறது. ‘முழுத் தடுப்பூசி’ என்று கணக்கெடுப்பு சொல்வது முதல் வயதுக்குள் முடிய வேண்டிய அடிப்படை ஊசிகளை. பதினாறிலிருந்து இருபத்து நான்காம் மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாம் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் முத்தடுப்பு (டி.பி.டி.) ஊக்க ஊசியும் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. பிள்ளை ஓடியாடும் வயதில், எல்லாம் போட்டாயிற்று என்ற நிம்மதியில், இந்த ஊசிகள்தான் அதிகம் மறக்கப்படுகின்றன. தட்டம்மையை ஒழிக்க 95 விழுக்காட்டினருக்கு இரண்டு தவணையும் சேர வேண்டும். 90ஐத் தொட்டதும் வெற்றி என்று அறிவிக்கும் இலக்கு, தட்டம்மையைப் பொறுத்தவரை தவறான இலக்கு.

மூன்றாவதைப் பற்றி அதிகாரிகள் குறைவாகவும் தாய்மார்கள் அதிகமாகவும் பேசுகிறார்கள்: காய்ச்சல். ‘போன தடவை போட்டதுக்கே ரெண்டு நாள் கொதிச்சுது, ராத்திரி முழுக்கத் தூங்கல’ என்று சொல்லும் தாய், தடுப்பூசியை எதிர்ப்பவள் அல்லள். மறுநாள் மீன் அங்காடிக்கோ, வீட்டு வேலைக்கோ போக வேண்டியவள். ஊசி போட்ட இடம் வீங்குவதும் காய்ச்சல் வருவதும் இயல்பே என்று முன்கூட்டிச் சொல்லி, எவ்வளவு பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று காட்டி, இரவில் அழைக்க ஓர் எண்ணையும் கொடுத்தால் அவள் திரும்பி வருவாள். இலக்கைத் துரத்தும் முகாமில் இதற்கு நேரம் இருப்பதில்லை. ஊசி போட்டதும் அடுத்த பெயர். பேசுவதற்கான ஐந்து நிமிடத்தை யாரும் திட்டமிட்டு ஒதுக்குவதில்லை.

தாயைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. பி.சி.ஜி., தட்டம்மை–ரூபெல்லா மருந்துக் குப்பிகளைக் கரைத்துத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கிறது. வீணாகிவிடும் என்று அஞ்சி, ‘இன்னும் நாலு பிள்ளைங்க சேரட்டும், அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் இருக்கிறது. ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் நெறி. அரைநாள் கூலியை விட்டு வந்தவள் அடுத்த வாரம் வருவாள் என்று எப்படி எதிர்பார்ப்பது? மருந்து வீணாவதைவிட அவள் வந்த பயணம் வீணாவது பெரிய நட்டம்.

அச்சம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே ஊசி என்று மாற்றியது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு. அந்த நேரத்தில் வேறு முடிவு எடுக்க எவருக்கும் துணிவு இருந்திருக்காது. ஆனால் ஊருக்குள் வந்துகொண்டிருந்த ஊசி நின்றது. 2005–06இல் 81 விழுக்காடாக இருந்த முழுத் தடுப்பூசி, பத்தாண்டில் 70க்குச் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2017இல் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் முதலில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பரவின. தமிழ்நாடு கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தி வெற்றிடத்தில் வளர்கிறது. ஆண்டு முழுவதும் தெருவில் தெரிந்த முகமாக இருக்கும் செவிலியர் சொன்னால் நம்புபவர்கள், ஏழு நாளுக்கு வந்து போகும் குழுவை நம்பத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

தயக்கத்தைக் கண்டு அரசு எரிச்சல் அடையும்போது கட்டாயம் என்ற குறுக்குவழி தோன்றும். புதுச்சேரி அந்த வழியையும் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், 1973ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டிக் கொரோனாத் தடுப்பூசி கட்டாயம், மீறினால் நடவடிக்கை என்று இங்கே ஆணை பிறந்தது. ஐந்து மாதத்தில், 2022 மே 2 அன்று, யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வற்புறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. குழந்தைகளின் தடுப்பூசி கொரோனா ஊசியைப் போன்றதல்ல. பல பத்தாண்டு அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. அதனாலேயே அதற்கு மிரட்டல் தேவையில்லை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸை 2011க்குப் பிறகு இந்த நாடு பார்க்கவில்லை. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை 2015இல் ஒழித்துக்காட்டினோம். இரண்டும் வாசற்படியில் நின்று பேசிச் சாதித்தவை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் புதுச்சேரி பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது என்பதால் விரித்து எழுதவில்லை. ஒரு விதிவிலக்கு மட்டும்: வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து வேலையிடத்திலேயே தங்கும் பெண்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது, நம் ஊழியருக்கு அவர்கள் மொழி தெரியாது, வேலை முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே இந்திரதனுஷின் முகாம் முறைக்கு ஈடில்லை. தேடிப் போகும் குழு ஒன்றுதான் அவர்களை எட்டும். முகாமை முழுதாகக் கைவிடச் சொல்பவர்களோடு நான் இந்த இடத்தில் முரண்படுகிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023இல் இந்தியாவில் முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடப் பெறாத குழந்தைகள் சுமார் 16 லட்சம் என்றும், 2024இல் சுமார் 9 லட்சம் என்றும் மதிப்பிட்டன. இறங்கியது நல்ல செய்தி. நம் நகரத்தின் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இவர்கள் பாதியில் விடுபடுபவர்கள். அவர்களுக்கு வேண்டியவை வேறு: வேலைக்குப் போகும் தாய்க்காக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஊசி அறை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு மாதந்தோறும் பரிமாறும் பெயர்ப் பட்டியல், காலியிடம் இல்லாத செவிலியர் பணி. முகாமுக்குச் செலவாகும் அக்கறையில் பாதியை இவற்றுக்குத் திருப்பினால் புதுச்சேரி மறுபடி முன்வரிசைக்கு வரும்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் இன்றே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதுக்கு மேலான கட்டங்கள் வெற்றாக இருந்தால் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். தவணை எவ்வளவு தள்ளிப்போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரையிலும், முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரையிலும் அரசு இலவசமாகப் போடுகிறது.