கூத்துக் களரியும் புள்ளித்தாளும்

கலையை எண்ணால் அளத்தல் இயலுமா என்னும் வினா பழையது. இயலாது என்று கூறி ஒதுங்குதல் எளிது. ஆயினும் போட்டிகள் நடைபெறுகின்றன, பரிசில்கள் வழங்கப்படுகின்றன, அடுத்த தலைமுறை எதனைப் பயிலும் என்பதைப் பல வேளைகளில் அப்பரிசில்களே தீர்மானிக்கின்றன. எனவே அளக்கலாமா என்பதினும், எக்கோல் கொண்டு அளக்கிறார்கள் என்பதே ஆராயற்பாலது. வன்னிப் பெருநிலத்துக் கூத்து இதற்குத் தக்க சான்றாகும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகப் பணியாற்றிய காலத்திலேயே பாடசாலை மட்டத்தில் நாட்டுக்கூத்துப் போட்டிகள் ஊக்குவிக்கப்பட்டன. 1962இல் பேராதனையில் அவர் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’, விடியவிடிய ஆடப்பட்ட கூத்தினைச் சுருக்கி, ஒருபுறம் மட்டுமே திறந்த மேடைக்கு ஏற்ப அமைத்தது. படித்தோர் நடுவே கூத்துக்கு மதிப்பீட்டிக் கொடுத்த பெருமை அதற்குண்டு. அதனை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அது மட்டக்களப்பு வடமோடியை அடியாகக் கொண்டது. ஒரு வட்டாரத்தின் ஆட்டத்திலிருந்து செப்பனிடப்பட்ட வடிவம், காலப்போக்கில் ‘நல்ல கூத்து’ என்பதன் பொது இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. விரைந்த ஆட்டம், ஒழுங்கான அணிவகுப்பு, பொலிவான உடை, குறித்த நேரத்துள் முடிவு ஆகியவற்றையே நடுவரின் கண் தேடலாயிற்று. இது வித்தியானந்தனின் பிழையன்று. அவர் பின்வந்தோரின் சோம்பல் எனலாம்.

முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்டு வரும் கோவலன் கூத்தினை வடமோடி, தென்மோடி என்னும் இரு பகுப்புகளுள்ளும் அடக்காது, ‘முல்லைமோடி’ எனத் தனித்துச் சுட்டுவர் ஆய்வாளர் சிலர். அக்கூத்து வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டின் சூழலில் வளர்ந்தது. மதுரையை எரித்த பின் ஈழம் போந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடமே வற்றாப்பளை என்பது அவ்வூர் ஐதிகம். கோவலன் கொலையுண்ணும் கட்டம் அங்குள்ளார்க்கு வெறுங் கதை நிகழ்ச்சியன்று. தம் தெய்வத்தின் துயர் அது. வட்டக்களரியைச் சூழ்ந்து நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். ஆடுபவன் ஒரு திசைக்கு முகங்காட்டுங்கால் மற்றொரு திசைக்கு முதுகு காட்டியே தீரவேண்டும். அவனை மேடையேற்றி, மூன்று நடுவர்க்கு முன் நிறுத்தினால், மரபு கற்பித்த அதே திரும்புகை ‘மேடைப் பயன்பாட்டில் குறை’ ஆகிவிடுகிறது. பாட்டை இழுத்துப் பாடி அவலத்தைத் தேக்கும் இடம், நிமிடக் கணக்கில் ‘தொய்வு’ ஆகிவிடுகிறது. புள்ளித்தாள் பொய் கூறவில்லை. தனக்குத் தெரிந்த மொழியில் மட்டும் பேசுகிறது.

தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையிலிருந்து கோட்டம், வலயம், மாகாணம் என ஏறித் தேசிய நிலையை எய்துகின்றன. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ விளங்கிக்கொள்ளப்பட்ட வடிவம், ஊர்விட்டு ஏறும் ஒவ்வொரு படியிலும் அதனை அறியாத கண்களைச் சந்திக்க நேரும். ஆசிரியர் இதனை விரைவில் உணர்ந்துகொள்வர். மறு ஆண்டில் வென்ற பாணியையே பழக்குவர். மரபு அழிவது இவ்வாறே. தடைசெய்யப்பட்டு அன்று, இரண்டாமிடம் பெற்று.

இவ்விடர்ப்பாடு கூத்துக்கு மட்டும் உரியதன்று. 1927 முதல் வார்ஸோவில் நடைபெறும் ஷொபேன் பியானோப் போட்டியில் அனைவரும் ஒரே இசைவாணனின் எழுதப்பட்ட சுரங்களையே வாசிக்கின்றனர். ஒப்பிடுதற்கு இதனினும் வாய்ப்பான களம் அரிது. அங்கும் 1980இல் யூகோஸ்லாவிய இளைஞர் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகாதபோது, நடுவர் மார்த்தா ஆர்கெரிச் குழுவைவிட்டு விலகினார். 2015இல் முதற் பரிசு பெற்ற கொரிய இளைஞர் சொங்-ஜின் சோவுக்கு, இறுதிச் சுற்றில் நடுவர் பிலிப் ஆந்த்ரெமோன் பத்துக்கு ஒன்றே இட்டார். மற்றையோரிற் பலர் ஒன்பதும் பத்தும் இட்டனர். எழுதிய சுரம் ஒன்றாயிருந்தும் செவிகள் இத்துணை வேறுபடுமாயின், மோடியே வேறான கூத்துகளை ஒரே தாளில் நிறுத்துவது எத்தகையது?

வார்ஸோவில் பிற்காலத்தே வகுத்த ஏற்பாடுகள் சில கருதத்தக்கன. நடுவர் தம் மாணாக்கர்க்குப் புள்ளியிடுவதில்லை. சராசரியிலிருந்து மிக விலகிய புள்ளி திருத்தப்படுகிறது. போட்டி முடிந்தபின் ஒவ்வொரு நடுவரும் இட்ட புள்ளி பெயருடன் வெளியிடப்படுகிறது. இவற்றுள் இரண்டாவதைக் கூத்துக்கு இரவல் வாங்குதல் கேடாகும். மூவருள் ஒருவர் மட்டுமே முல்லைமோடி அறிந்தவராயின், விலகி நிற்கும் புள்ளி அவருடையதாகவே இருத்தல் கூடும். சராசரி வெட்டியெறிவது அக்குழுவிலிருந்த ஒரே அறிவை.

மூன்றாவதோ இங்கு உடனடியாக வேண்டுவது. ஆந்த்ரெமோன் இட்ட ‘ஒன்று’ அறியப்பட்டமையாலேயே அதனைப் பலரும் கேள்விக்குட்படுத்த முடிந்தது. கூத்துப் போட்டியில் தோற்ற பிள்ளைகள் மொத்தத் தொகையை மட்டும் அறிந்து வீடு திரும்பின், ஆட்டத்தில் வழுவினரா, அல்லது ஆடிய மோடியே நடுவர்க்குப் புரியவில்லையா என்பதை அண்ணாவியாரும் சொல்லவியலாது. 2009இல் முல்லைத்தீவு மக்கள் ஊர்களை இழந்து செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டனர். மீண்டபின் களரியைத் திரும்பக் கூட்டும் பொறுப்பில் பெரும்பங்கு பாடசாலைகளின்மேல் விழுந்தது. அப்பாடசாலைகளுக்குப் புள்ளியிடுவோர் குழுவில், அம்மோடியைப் பயின்ற அண்ணாவியார் ஒருவரேனும் அமர்தல் வேண்டும். அவர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பு, புள்ளியுடன் பிள்ளைகளின் கைக்கு வருதல் வேண்டும்.