நீருக்குக் குறுக்கே ஒரு தடம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதன் மூலம், திருவண்ணாமலை வட்டாரத்தின் மண்பாதைகளைக் கோத்து மிதிவண்டித் தடங்கள் வகுப்போருக்குப் புதிய நியாயம் ஒன்று கிடைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் புறப்பட்டு, கிழக்கே செஞ்சிக்கோ மேற்கே செங்கத்துக்கோ தெற்கே சாத்தனூர் அணைக்கோ ஏரிக்கரைகள் வழியாகவும் வண்டிப்பாதைகள் வழியாகவும் செல்லக்கூடிய இத்தகைய பயணத்தைக் கிராவல் சவாரி என்கிறார்கள். அதாவது, பந்தய வண்டியின் வளைந்த கைப்பிடியும் அதைவிட அகன்ற, சுமார் 40 மில்லிமீட்டர் டயரும் கொண்ட வண்டியில், தார் போடாத மண்ணிலும் சரளையிலும் நெடுந்தொலைவு ஓட்டும் முறை இது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கப்பட்ட போட்டி போன்றவற்றால் பரவி, 2022இல் இத்தாலியில் முதல் உலக வாகையர் போட்டி நடக்கும் அளவுக்கு வளர்ந்த இம்முறைக்கு நம்மூரில் சொல்லப்படும் ஆதரவு வாதம் ஒன்றே: தார்ச்சாலையில் காரில் போகிறவர் காணாத நீர்நிலைகளையும் வரலாற்றையும் இத்தடங்கள் ஒருசேரக் காட்டுகின்றன என்பது. அந்த ‘ஒருசேர’ என்ற உரிமைகோரல் இங்கே நிற்காது.

இம்முறையின் நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. புகையில்லை, இரைச்சலில்லை, புதிய சாலை கேட்பதில்லை. மணிலா காயப்போட்ட களத்து ஓரமாக ஒதுங்கிச் செல்லும் வண்டிக்காரர் கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவரைவிட ஊருக்கு நெருக்கமானவர். இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் 1997இல் தொடங்கிய லெரோயிகா என்னும் மிதிவண்டி நிகழ்வு, அங்குள்ள வெண்சரளைச் சாலைகள் தார் பூசப்பட்டு அழிவதைத் தடுக்கும் நோக்கத்தோடு நடத்தப்பட்டு, அந்த நோக்கத்தில் பெரிதும் வென்றது. மண்பாதையை விரும்பும் கூட்டம் ஒன்று உருவானால் மண்பாதைக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் டஸ்கனியில் காக்கப்பட்டது சாலை. அங்கே சாலையே பாரம்பரியம். ஐரோப்பாவின் நீர்வழித் தடங்களுக்கும் இதே பொருத்தம் உண்டு. பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டு, 1996இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 240 கிலோமீட்டர் நீளமுள்ள ‘கனால் து மிதி’ என்னும் கால்வாயின் கரையில், படகுகளைக் குதிரைகள் இழுத்துச் செல்வதற்கென்றே பாதை போடப்பட்டது. நீர் போகும் திசையும் பாதை போகும் திசையும் அங்கே ஒன்று. அப்பாதையில் மிதிக்கிறவர், தாமறியாமலே அந்த நீரமைப்பை மடைக்கு மடை படித்துக்கொண்டு போகிறார். திருவண்ணாமலை வட்டாரத்து ஏரியின் கரை அப்படிப்பட்டதன்று. அது நீரோட்டத்துக்கு இணையாக அல்ல, நீர் ஓடிவரும் சரிவுக்குக் குறுக்கே போடப்பட்ட மண்மேடு. அதன்மேல் ஓட்டுகிறவர் எப்போதும் நீரின் வழியைக் கடந்துகொண்டிருக்கிறாரே தவிர, ஒருபோதும் அதைத் தொடர்வதில்லை. வேறொரு நிலத்துக்குப் பொருந்திய பயணவடிவத்தை இந்த நிலத்தின்மேல் அப்படியே போர்த்தியதில்தான் இத்தடங்களின் அடிப்படைப் பிழை இருக்கிறது. மற்ற குறைகள் யாவும் இதிலிருந்து கிளைப்பவை.

ஏரி என்பது தனித்த ஒரு நீர்ப்பரப்பு அல்ல. மலையடிவாரத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ வரத்துக்கால் வழியாக நீர் வந்து ஏரியில் தேங்கி, மதகு வழியாக ஆயக்கட்டு நிலங்களுக்குப் பாய்ந்து, மிகுதியானது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஏரித்தொடரே இந்த நிலத்தின் உண்மையான கட்டுமானம். வேங்கிக்கால் ஏரியும் இப்படி மேலும் கீழும் தொடர்புள்ள ஒரு கண்ணிதான். அதன் கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் அருணாசல மலையும் படம்போலத் தெரிகின்றன என்பதற்காக அதைத் தடத்தின் தொடக்கப் புள்ளியாக வைப்பவர்கள், அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் தடம் வேறு திசையில் திரும்பியிருக்கும்.

இதற்குக் கலங்கலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கருங்கல்லால் கட்டப்பட்டு, கரையைவிடத் தாழ்ந்து நீளும் இச்சுவரின் உச்சியில், பல ஏரிகளில், குத்துக்கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் வேளையில் அக்கற்களின் இடைவெளிகளைப் பலகையாலோ மண்ணாலோ அடைத்தால் ஏரியில் இன்னும் சிறிது நீரைத் தேக்கலாம். அப்படித் தேக்கினால் நீர் பின்னேறி மேற்புறத்து நிலங்களை மூழ்கடிக்கும். ஆகவே எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம் அடைப்பது என்பது கரைக்கு இந்தப் பக்கத்து உழவருக்கும் அந்தப் பக்கத்து உழவருக்கும் இடையே காலங்காலமாகப் பேசித் தீர்க்கப்படும் வழக்கு. ஓர் ஊரின் சட்டமும் பகையும் சமரசமும் அந்தக் கல்வரிசையில் இருக்கின்றன. தடத்தின் கணக்கிலோ அது வண்டியைத் தோளில் தூக்கிக் கடக்க வேண்டிய ஓர் இடையூறு. அலைபேசி வரைபடத்தில் கோடு அறுந்துபோகும் இடம். ஏரிக்குள் நிற்கும் குமிழித்தூம்பின் கதியும் இதுவே. இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குப் பலகைக்கல்லும் கொண்டு, அடியில் நீருக்கு ஒரு துளையும் சேற்றுக்கு ஒரு துளையுமாக, நீரையும் வண்டலையும் தனித்தனியே வெளியேற்றத் தெரிந்த அந்தப் பொறியியல், கரையிலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பறவை உட்காரும் கம்பமாகத் தெரிவதோடு சரி.

பருவமும் இக்குறையைப் பெருக்குகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரிக்கரை சேறாகி, வண்டி ஓட்ட ஏற்றதாக இருப்பதில்லை. மண் இறுகிய தை, மாசியில்தான் தடம் திறக்கிறது. ஏரிகள் கோடி போகிற, அதாவது நிரம்பிக் கலங்கலில் வழிகிற நாள்களை, நீர்க்கட்டி என்னும் பாசனக் காவலர் மதகைவிட்டு அகலாத அந்த வாரங்களை இப்பயணம் முழுவதுமாகத் தவறவிடுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணையின் குறுக்கே திறக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஆற்றை மார்ச் மாதத்து மணலாக மட்டும் பார்த்தவர் ஆற்றைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

வரலாற்றிடங்களுக்கு வந்தால், பிளவு இன்னும் ஆழமாகிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த மகேந்திரவாடிக் குடைவரையின் கல்வெட்டே, அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று கோயிலை ஏரியைக்கொண்டு அடையாளம் காட்டுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகோடியில் மாமண்டூர்க் குன்றின் குடைவரைகளும், சித்திரமேகத் தடாகம் என்று அறியப்படும் பெரிய ஏரியும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் அன்று. இவற்றில் எது வரலாறு, எது இயற்கைக் காட்சி என்று பிரிப்பதற்கு இடமே இல்லை; ஏரிதான் பழைய கட்டடம், இன்றும் வயலுக்கு நீர் கொடுத்துக்கொண்டு உழைப்பில் இருக்கும் கட்டடம். ஆயினும் தடங்கள் குடைவரைக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஏரியை அப்புள்ளிக்குப் போகும் அழகான வழியாக ஆக்குகின்றன.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்ட செங்கம் நடுகற்களுக்கும் இதே நிலை. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமை மந்தையைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனையும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவனது நாயையும் நினைவுகூர்கிறது. வீரனின் காலருகே நாயும் செதுக்கப்பட்டிருக்கும் அக்கல்லைப் பார்த்து நெகிழாதவர் இல்லை. ஆனால் எருமை என்பது நீரின்றி ஒருநாளும் தாங்காத விலங்கு. அந்த மந்தை எந்த நீரை நம்பி மேய்ந்தது, உயிர் கொடுத்துக் காக்குமளவுக்கு அந்த மேய்ச்சல் நிலம் ஏன் மதிப்புற்றது என்ற கேள்வி எழாமல் கல்லைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த புள்ளிக்கு விரைவது, நடுகல்லை அதன் நிலத்திலிருந்து பிடுங்கி அருங்காட்சியகச் சுவரில் சாத்துவதற்கு ஒப்பானது. தடத்தின் மணிக்கணக்கு அதற்குமேல் அனுமதிப்பதுமில்லை.

தடம் வெறும் கோடுதானே, அதனால் ஏரிக்கு என்ன கேடு என்று கேட்கப்படலாம். காட்சிக்காக வருவோர் பெருகும் கரையில் நடைமேடையும் இருக்கையும் மின்விளக்கும் பேவர் கல்லும் வந்துசேரும். அவை வந்தபின் கரை உழவரின் கையிலிருந்து நழுவும். மதகருகே கரையை வெட்டிப் பழுதுபார்க்கவும், வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோகவும், வெள்ளக்காலத்தில் மண்மூட்டை அடுக்கவும் தேவைப்படும் மண்கரை, அழகுபடுத்தப்பட்ட பின் தொடக்கூடாத பொருளாகிவிடுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட்டு, 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்த இதே ஊரில், வருகையாளர் வசதி என்ற பெயரால் நிலத்துக்கு என்ன நேரும் என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகளாகச் சுற்றிவந்த பாதைக்கே அந்த நிலை என்றால், நேற்று வரைந்த தடத்தைக் காக்க யார் வருவார்?

மிதிவண்டிக்காரர் நீரியல் படித்தவராக இருக்க வேண்டுமா என்பது இத்தகைய விமர்சனத்துக்குச் சொல்லப்படக்கூடிய மறுமொழி. வேண்டியதில்லை, ஆனால் நீர்நிலைகளின் பெயரால் தடம் வகுப்பவர் நீரின் போக்கை அறிந்திருக்க வேண்டும். செஞ்சியையும் செங்கத்தையும் ஒரே நாளில் தொட்டுவர முயலாமல், ஓர் ஏரியில் புறப்பட்டு அதன் கலங்கலில் இறங்கி, போக்குக்கால் வழியே அடுத்த ஏரிக்கும் அதற்கடுத்ததற்கும் சென்று, கடைசிக் கண்ணி ஆற்றில் சேரும் இடத்தில் முடியும் பயணம் தொலைவில் சிறியதாகவும் சவாரிக்குக் கடினமாகவும் இருக்கும். பல இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியும் வரும். வேலூர் சாலையோரம் மனைகள் பெருகிவிட்ட வேங்கிக்காலில் அப்படி ஒரு பயணம் தொடங்கினால், முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே வரத்துக்கால் எங்கே போயிற்று என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிக்க நேரும். இப்போது பகிரப்படும் தடங்களோ, அந்தக் கால்வாய் சாலையைக் கடக்கும் சிறுபாலத்தின்மேல் வேகம் குறையாமல் ஓடிவிடுகின்றன.