பாழூரைப் படித்த கண்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், சுண்ணக்கல் குன்றுகளுக்கு நடுவே வாரம் பெர்சி என்ற பாழூர் இருக்கிறது. அந்த இடைக்கால ஊரில் இன்றும் எழுந்து நிற்பது கூரையிழந்த புனித மார்ட்டின் தேவாலயம்தான். மற்றதெல்லாம் புல் மூடிய மேடும் பள்ளமும். அவற்றிலிருந்து வீடு, கொல்லை, தெரு என்று ஓர் ஊரையே படித்தெடுத்த பெருமை தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டுக்கு (1927–2003) உண்டு.

பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1950-இல் இங்கே தோண்டத் தொடங்கினார். விரைவிலேயே ஹர்ஸ்ட் அவருடன் சேர்ந்தார். ஏட்டுச் சான்றை ஒருவரும் மண்சான்றை மற்றவருமாகப் பங்கிட்டுக்கொள்ள, 1990 வரை கோடைதோறும் அகழாய்வு நடந்தது.

அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் பரப்பிய முறையில், சதுரக் குழிகளுக்கு இடையே மண்சுவர் விட்டுவைப்பார்கள். உழவர் வீட்டுக்கு அது உதவாது. அந்த வீட்டின் அடித்தளம் சில அங்குலக் கல்வரிசைதான். இடைச்சுவருக்குள் பாதி மறைந்துபோகும். ஆகவே ஹர்ஸ்ட் டென்மார்க்கின் ஆக்சல் ஸ்டீன்ஸ்பெர்க் கையாண்ட முறையை எடுத்துக்கொண்டார். புல்லை அகலமாக நீக்கி, மண்ணை அடுக்கடுக்காக உரித்து, ஒவ்வொரு கல்லும் பானை ஓடும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். இடைக்காலப் பானை ஓட்டைப் பார்த்துக் காலம் சொல்வதில் ஹர்ஸ்ட் பெரும் வல்லுநர். அந்தத் தேர்ச்சி இங்கே கைகொடுத்தது.

இந்தப் பொறுமையின் அழகை முழுமையாகக் காட்டுவது தேவாலயம். சிறியதாகத் தொடங்கிய கட்டடம், மக்கள் பெருகப் பெருக இரு பக்கமும் கூடங்கள் சேர்த்து விரிந்தது. ஊர் மெலிந்தபோது அக்கூடங்கள் இடிக்கப்பட்டன. அவற்றுக்கு வழிவிட்ட வளைவுகளைக் கல் வைத்து அடைத்த தடம் சுவரில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. ஊரின் ஏற்றமும் இறக்கமும் அந்த ஒரே சுவரில் பதிந்திருக்கின்றன.

வீடுகளைப் பற்றிய கருத்து பின்னாளில் திருந்தியது. தலைமுறைக்கொரு முறை அவற்றை இடித்துக் கட்டினார்கள் என்று முதலில் எண்ணப்பட்டது. வளைமரச் சட்டகம் நெடுங்காலம் நிலைத்திருக்க, சுவர்களை மட்டுமே மாற்றினார்கள் என்று தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ராத்மெல் பின்னர் விளக்கினார். கல்லின் இடத்தைக்கூட விடாமல் குறித்துவைத்ததால்தான் இந்த மறுவாசிப்பு சாத்தியமாயிற்று.

ஊர் அழிந்த காரணமும் தெளிவாயிற்று. 1348–49-இல் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையைக் குறைத்தது. ஆனால் ஊர் பிழைத்துக்கொண்டது. ஆட்டுக் கிடைக்கு நிலம் வேண்டி, 1500-ஐ ஒட்டிக் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

கோட்டைகளையும் மடங்களையும் பார்த்துப் பழகிய இடைக்காலத் தொல்லியல், உழவரின் வீட்டையும் அதே மதிப்போடு ஆராயப் பழகியது. ஹர்ஸ்டின் வாழ்நாள் உழைப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு.