தன் பிள்ளையும் ஊரார் பிள்ளையும்

பிள்ளை பிறந்ததும் தொழில்முனைவோரின் நோக்கமே மாறிவிடுகிறது என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அதை உரசிப் பார்க்க ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பர்க் நல்ல உரைகல். 2015 டிசம்பர் 1 அன்று அவரும் மனைவி பிரிசில்லா சானும் மூத்த மகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தங்கள் ஃபேஸ்புக் பங்குகளில் 99 விழுக்காட்டை, அன்றைய மதிப்பில் சுமார் 4,500 கோடி டாலரை, வாழ்நாளுக்குள் பொதுநலனுக்குத் தருவதாக அதில் அறிவித்தார்கள்.

இதில் பாராட்ட நிறைய இருக்கிறது. காலாண்டு லாபத்தையே பார்த்த கண், மகளின் காலத்தை நோக்கத் தொடங்கியது. மறு ஆண்டே மருத்துவ ஆராய்ச்சிக்குப் பத்தாண்டுகளில் 300 கோடி டாலர் என்றார்கள். சக்கர்பர்க் இரண்டு மாத விடுப்பும் எடுத்தார். சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு தர எல்லாத் தனியார் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் இல்லாத அமெரிக்காவில் இது சின்ன விஷயமல்ல. அதே சமயத்தில், உலகெங்கும் உள்ள ஃபேஸ்புக்கின் முழுநேர ஊழியர்களுக்கு நான்கு மாத விடுப்பு கிடைத்தது. முதலாளி வீட்டு நல்லது ஊழியர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

குறைகளும் அந்தக் கொடையிலேயே தொடங்குகின்றன. கொடைக்காக அமைத்தது அறக்கட்டளை அல்ல, வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்ற விதி அதற்கில்லை. பணத்தின் மீதான பிடியும் கைவிட்டுப் போகவில்லை. எடுத்துக்காட்டாக, சான் 2016-ல் கிழக்கு பாலோ ஆல்டோவில் ஏழைக் குழந்தைகளுக்காகத் திறந்த இலவசப் பள்ளி, 2026-ல் மூடப்படும் என்று 2025-ல் அறிவிக்கப்பட்டது. கொடையாளியின் மனமே அடித்தளமாக இருக்கும் அமைப்பில், பயனாளிகளுக்கு உரிமை என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

பெரிய ஓட்டை மூலத் தொழிலில் இருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க செனட் விசாரணையில், சமூக ஊடகங்களால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்ற பெற்றோரைத் திரும்பிப் பார்த்து சக்கர்பர்க் வருத்தம் தெரிவித்தார். அப்போது அவரே மூன்று பெண்களின் தகப்பன். பதின்வயதினருக்கான கூடுதல் பாதுகாப்புடன், அவரது நிறுவனத்தின் இன்ஸ்டாகிராமில் கணக்குகள் வந்தது அந்தச் செப்டம்பரில்தான். அதுவும் நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்த பிறகு.

பெற்றோராவது பார்வையை நீட்டும், கையைத் தாராளமாக்கும். ஆனால் வருமானம் வரும் வழியை அது தானாகத் திருத்திவிடாது; அதற்குச் சட்டமும் வழக்கும் வேண்டும். ஒரு தொழிலதிபரின் மாற்றத்தை எடைபோட, மகளுக்கு எழுதிய கடிதத்தை விட்டுவிட்டு, ஊரார் பிள்ளை பயன்படுத்தும் செயலியைத் திறந்து பார்ப்பதே முறை.